மீற்றரில ஓடின மணித்தியாலம்

கேள்வி: அண்ணை வணக்கம். நாங்கள் விசுவமடு. தம்பி ஏ.எல் மெக்ஸ் செய்து ரிசல்ட்டும் வந்திட்டுது, சின்னனில இருந்தே பைலட் ஆகவேணும் எண்டுதான் நிக்கிறான். ஒரு பிளையிங் ஸ்கூல்ல விசாரிச்சா 200 மணித்தியாலம் பறந்தா கொமர்ஷல் லைசன்ஸ், அதோட எயார்லைன்ல சேரலாம் எண்டினம். கனடா மாமா சொல்லுறார் அமெரிக்காவில 1500 மணித்தியாலம் இல்லாட்டி எயார்லைன் கொக்பிட்டுக்குள்ளயே விடமாட்டினமாம், 200 ஓட வாறவன் அரைகுறை பைலட்டாம், காணியை வித்தாவது 1500 ஐ முடிக்கச் சொல்லு எண்டு. அம்மா அடுத்த மாசம் கண் ஒப்பரேசனுக்கு பலாலியால சென்னைக்குப் போகப்போறா, மாமா சொன்னதைக் கேட்டதில இருந்து கப்டனுக்குப் பக்கத்தில இருக்கிறவன் எத்தினை மணித்தியாலக்காரனோ எண்டு அவவுக்கு நித்திரை இல்லை. மணித்தியாலம் கூடினா நல்ல பைலட்டா அண்ணை? காணியை விக்கிறதா விடுறதா?

பதில்:

தங்கச்சி, முதல் சொல்லவேண்டியதை முதல் சொல்லிப்போடுறன், 1500 மணித்தியாலத்துக்காக காணியை விக்காதேங்கோ. தம்பி பைலட் ஆகக்கூடாது எண்டு நான் சொல்லேல்லை, தாராளமா ஆகட்டும், ஆனா காசு குடுத்து வெறும் மணித்தியாலம் வாங்கிறதுக்கு காணி போகக்கூடாது. ஏன் எண்டு ஆறுதலா சொல்லுறன், கொஞ்சம் நீளும், பொறுத்து வாசியுங்கோ.

நான் முள்ளியவளைப் பக்கத்துப் பெடியன்தான். வெளியில போய் 20 வருசத்துக்கு மேல ஏ.ரி.ஆர் எண்ட ரெட்டை ப்ரொப்பெல்லர் பிளேன் ஓட்டினனான், அதில கடைசிக் கொஞ்ச வருசம் சிமுலேற்றரில, நிலத்தில நிண்டே பறந்து பழகிற பொம்மைக் கொக்பிட்டில, மற்ற பைலட்மாரை பழக்கி செக் பண்ணுற வேலை. அம்மா பலாலியால போகப்போற பிளேனும் அந்த இனம்தான் எண்டதால உங்கட கடிதத்தை ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன்.

எங்கட ஐயா ஒருக்கா செகண்ட் ஹான்டில ஒரு மாசி பெர்குசன் ட்ரக்டர் எடுக்கப் போனவர், நானும் கூடப் போனனான், பத்துப் பன்ரெண்டு வயசு இருக்கும். விக்கிற ஆள் திரும்பத் திரும்ப மீற்றரையே காட்டுறார், மணித்தியாலத்தைப் பாருங்கோ, எவ்வளவு குறைவா ஓடியிருக்கு எண்டு. ஐயா கூட்டிக்கொண்டு வந்த மெக்கானிக் அண்ணை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கேல்லை. ஏறி இருந்து கிளச் மிதிச்சுப் பாத்தார், கியர் தடியை உள்ளங்கையால அமத்திப் பிடிச்சுக்கொண்டு எஞ்சினை முறுக்கிப் பாத்தார், பிறகு கலப்பையை ஹைட்ரோலிக்கில தூக்கி வைச்சிட்டு இறங்கி பீடி ஒண்டு பத்தவைச்சு, அது முடியும் வரைக்கும் ஒண்டும் கதைக்காமல் கலப்பை தானா கீழ இறங்குதோ எண்டு பாத்துக்கொண்டே நிண்டார். அது விரல் விரலா இறங்கினது. வேண்டாம் அண்ணை வாங்கோ போவம் எண்டிட்டார். 3000 மணித்தியாலம் ஓடின ட்ரக்டர் எண்டா அது ரோட்டில பெட்டி இழுத்த 3000 ஆ, இரும்புச் சில்லு போட்டு காலபோகச் சேத்துக்குள்ள உழுத 3000 ஆ, இல்லாட்டி தண்ணிப் பம்ப் பூட்டி ஒரே இடத்தில நிண்டு இரைஞ்ச 3000 ஆ எண்டு மீற்றர் சொல்லாது. கமம் செய்யிற உங்கட அப்பாவுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பைலட் பறந்த கணக்கு எழுதுற லொக்புக்கும் உதே மாதிரி மீற்றர்தான். பிளேன் பறக்கிறதுக்கு எண்டு அசையத் தொடங்கின நேரத்தில இருந்து கடைசியா வந்து நிக்கிற நேரம் வரைக்கும் எல்லாம் மணித்தியாலமா ஏறும். ஓட்டோபைலட் பிடிச்சுக்கொண்டு போகேக்க சும்மா பாத்துக்கொண்டு இருந்ததும் மணித்தியாலம், புயல் காத்தில கையால இறக்கினதும் மணித்தியாலம், ரெண்டும் ஒரே எழுத்தில ஒரே பெட்டிக்குள்ள எழுதுப்படும். நீண்ட தூரம் போற பெரிய ஜெட்டில மாசம் 80 மணித்தியாலம் போட்டவருக்கு அந்த மாசம் ரெண்டு மூண்டு லான்டிங்தான் கிடைச்சிருக்கும், ஏ.ரி.ஆரில ஒரு நாளைக்கே நாலு தரம் ஏறி இறங்குவம்.

இப்ப மாமா சொன்ன 1500 எங்கயிருந்து வந்தது எண்டதுக்கு வாறன், அந்தக் கதையை முழுசா தெரிஞ்சாத்தான் இது விளங்கும். 2009 பெப்ரவரி 12 இரவு அமெரிக்காவில பஃபலோ எயார்போட்டுக்கு இறங்க வந்த கொல்கன் எயார் 3407 எண்ட பிளேன் ஒரு வீட்டுக்கு மேல விழுந்தது. அதுவும் ஏ.ரி.ஆர் மாதிரி ரெட்டை ப்ரொப்பெல்லர் பிளேன்தான், பொம்பார்டியர் கியூ400. பிளேன்ல 49 பேர், வீட்டில ஒராள், 50 பேரும் செத்துப்போச்சினம். நடந்தது என்ன எண்டா ரெண்டு பைலட்டும் கவனிக்காமல் ஸ்பீட் குறைஞ்சுகொண்டே வந்தது, பிளேன் தானே எச்சரிச்சது, கொன்ட்ரோல் தடி கையுக்குள்ள கிடந்து கடகடவெண்டு ஆடும், ஸ்டிக் ஷேக்கர் எண்டுறது, ஸ்டோல் ஆகப்போகுது, அதாவது செட்டை பிளேனைத் தாங்காமல் விடப்போகுது எண்டு அர்த்தம், அந்த நேரம் மூக்கை கீழ அமத்தி ஸ்பீட் எடுக்கவேணும், ஆனா கப்டன் தடியை தன்ர பக்கம் இழுத்துப்போட்டார். பிளேன் தானா மூக்கை அமத்தப் பாத்த நேரமும் அதுக்கு எதிரா இழுத்துக்கொண்டுதான் இருந்தவர்.

செத்த ஆக்களின்ர குடும்பங்கள் சும்மா இருக்கேல்லை, வொஷிங்டனுக்கு ஏறி இறங்கி போராடி 2010 இல சட்டம் கொண்டுவர வைச்சினம், 2013 இல இருந்து அமெரிக்க எயார்லைன்ல கோபைலட்டா இருக்கவும் 1500 மணித்தியாலம் வேணும் எண்டு வந்தது. அதுக்கு முதல் 250 ஓடயும் கொமர்ஷல் லைசன்ஸ் எடுத்து இருக்கலாம். இப்பவும் ஆர்மி, நேவி, எயார்போஸ் பைலட்டுக்கு 750, ஏவியேசன் டிகிரிக்காரருக்கு 1000 எண்டு சலுகை இருக்கு, அதை மாமா சொல்லாமல் விட்டிட்டார்.

அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை நான் ஒரு சொல் குறைச்சுச் சொல்லமாட்டன். பிள்ளையைக் குடுத்தவை இன்னொரு வீட்டில அது நடக்கக்கூடாது எண்டு நிண்டினம், அது எங்கட சனத்துக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனா தங்கச்சி, அந்தக் கப்டனுக்கு 3379 மணித்தியாலம், கோபைலட்டுக்கு 2244. ரெண்டு பேருமே 1500 ஐ எப்பவோ தாண்டின ஆக்கள். அந்தச் சட்டம் அண்டைக்கு இருந்திருந்தாலும் ரெண்டு பேரும் அதே சீற்றில அப்பிடியே இருந்திருப்பினம். வேற எதைப் பாக்கவேணும் எண்டா, கப்டன் அந்த இன பிளேன்ல கப்டனா ஓடினது 111 மணித்தியாலம்தான், கோபைலட் முதல் நாள் இரவிரவா நாட்டின்ர மற்றக் கரையில இருந்து வேற பிளேன்களில தொத்தி வந்து ஒழுங்கான நித்திரை இல்லாமல் ட்யூட்டிக்கு ஏறினவ, கப்டன் அதுக்கு முதல் கன தரம் செக்கில பெயிலாகித் திரும்ப எழும்பின ஆள், எல்லாத்தையும் கம்பனி முழுசா அறிஞ்சிருக்கவும் இல்லை. லொக்புக்கை விரிச்சா இதில ஒண்டும் தெரியாது. ட்ரெயினிங் பைலை விரிச்சாத்தான் தெரியும்.

நான் ஏ.ரி.ஆர் ஆள் எண்டதால என்னை உலுப்பினது இன்னொண்டு, இதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டவேண்டாம். 2015 பெப்ரவரி 4, தைவான், ட்ரான்ஸ்ஏசியா 235. ஏறின கையோட ஒரு எஞ்சின் பவர் இழந்தது. ஒரு எஞ்சினில ஏ.ரி.ஆர் நல்லா பறக்கும், அதுக்காகத்தான் நாங்கள் திரும்பத் திரும்ப பழகிறது. ஆனா கப்டன் அவசரப்பட்டு நல்லா ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின்ர லீவரைப் பின்னால இழுத்து நிப்பாட்டிப்போட்டார், பிழையான பக்கம் எண்டு கடைசியில தானே உணர்ந்து சொன்னதும் ரெக்கோடரில இருக்கு. 43 பேர். அவருக்கு கிட்டத்தட்ட 4900 மணித்தியாலம், பக்கத்தில இருந்தவருக்கு அதிலயும் கூட. அவரைக் கப்டனாக்கிற நேரத்து சிமுலேற்றர் செக்கில முதல் தரம் பெயில், ஏறேக்க எஞ்சின் போற பயிற்சியில தடுமாறுறார் எண்டு முதலே எழுதியும் கிடந்தது. எழுதிக் கிடந்த இடத்திலதான் பிளேன் அவரைச் சோதிச்சது.

ஏர் பிரான்ஸ் 447 ஐயும் கேள்விப்பட்டிருப்பியள், 2009 ஜூன் 1, அட்லான்டிக் கடல், 228 பேர். மூண்டு பைலட்டுக்கும் சேத்து 20 ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல. ஸ்பீட் காட்டுற குழாய் ஐஸ் பிடிச்சு ஓட்டோபைலட் விடுபட, ஓடிக்கொண்டிருந்த கோபைலட்டும் தடியைப் பின்னுக்குத்தான் இழுத்தது. அவ்வளவு உயரத்தில கையால ஓட்ட அந்தக் கோபைலட்மாருக்கு பயிற்சி குடுத்திருக்கேல்லை, அந்த 20 ஆயிரத்துக்குள்ள அது இருக்கேல்லை.

சிமுலேற்றரில நான் நேரா கண்டதையும் சொல்லவேணும். கம்பனி பேர் வேண்டாம். 9000 மணித்தியாலக் கப்டன் ஒருத்தர், தங்கமான மனுசன், ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாற செக்குக்கு வந்தவர். நான் பின்னால இருந்து ஐஸ் போட்டு ஸ்பீடை மெல்ல மெல்ல குறைச்சுக்கொண்டு, அதே நேரம் டவர்ல இருந்து கதைக்கிற மாதிரி ஒரு கேள்வியும் கேட்டன். தடி ஆடினது. அவரும் இழுத்தார். ஒரு ரெண்டு செக்கன்தான், பிறகு பிடிச்சிட்டார், ஆனா முதல் கை போனது பின்னுக்கு. முகமெல்லாம் வேர்த்து, லைட்டைப் போட்டவுடன திரும்பி என்னைப் பாத்து, தம்பி இன்னொருக்கா செய்வமா எண்டு கேட்டார். அண்டைக்கு நாலு தரம் செய்தம், நாலாம் தரம் கை தானா முன்னுக்குப் போனது. அதே கிழமை 260 மணித்தியாலத்தோட ஒரு பிள்ளை வந்தவ, அதே பயிற்சி, தடி ஆடுறதுக்கு முதலே ஸ்பீடைக் கண்டு சொல்லி, ஆடினவுடன அமத்திப்போட்டா. கெட்டிக்காரி எண்டது மட்டுமில்லை, அவ அதை பழகி நாலு மாசம்தான், அவரோ அப்பிடி ஒண்டை கடைசியா எப்ப பழகினது எண்டு அவருக்கே ஞாபகம் இல்லை.

இப்ப மணித்தியாலத்தில ஒண்டும் இல்லை எண்டு நான் சொல்லுறன் எண்டு எடுக்காதேங்கோ, அது பொய். மணித்தியாலம் குடுக்கிற ஒண்டு இருக்கு, அதை சிமுலேற்றரால முழுசா குடுக்க ஏலாது. எனக்கு 400 மணித்தியாலம் இருக்கேக்க ஒரு மாரி நாள், முன்னால நல்ல இடி முகில், ராடாரில ரெண்டு சிவப்புக் கட்டிக்கு நடுவால கறுப்பா ஒரு ஒழுங்கை மாதிரி வடிவா தெரியுது. அதுக்குள்ளால போகலாம் கப்டன் எண்டன். அவர் அந்தக் கறுப்பு ஒழுங்கையில விரலை வைச்சு, இது வெறும் இடம் எண்டு உனக்கு ஆர் சொன்னது எண்டு கேட்டார். கடும் மழை முன்னால நிண்டா ராடார் அலையை அந்த மழையே குடிச்சுப்போடும், பின்னால என்ன நிக்குது எண்டு திரும்பி வந்து சொல்ல அலை இல்லை, திரையில கறுப்பா, ஒண்டும் இல்லாத மாதிரி தெரியும். புத்தகத்தில நான் படிச்சதுதான், சோதினையில சரியா எழுதினதும்தான். ஆனா அண்டைக்கு கண்ணுக்கு முன்னால அது வந்து நிக்கேக்க எனக்குத் தெரிஞ்சது வழி, அவருக்குத் தெரிஞ்சது சுவர். 30 மைல் சுத்திப் போனம். எங்களுக்குப் பின்னால வந்த ஒரு பிளேன் அதுக்குள்ளால போய் கடுமையா அடிவாங்கினதை ரேடியோவில கேட்டன்.

அதனாலதான் உலக சிவில் விமான அமைப்பு ஐகாஓவின்ர விதியில கப்டனுக்கு வேண்டிய ஏ.ரி.பி.எல் லைசன்ஸுக்கு 1500 மணித்தியாலம் எண்டு வைச்சிருக்கு, அது சரியான இடம் எண்டுதான் நான் நினைக்கிறன். கோபைலட் இருக்கிற வலது சீற்றுக்கு கொமர்ஷல் லைசன்ஸ் போதும், அது பொதுவா 200, ஒரே தொடரா ஒழுங்குபண்ணின கோர்ஸ் எண்டா 150 கூட. 2006 இல இருந்து எம்.பி.எல் எண்டும் ஒரு லைசன்ஸ் இருக்கு, மொத்தம் 240 மணித்தியாலம், அதில கனக்க சிமுலேற்றர், முதல் நாளில இருந்தே ரெண்டு பேரா சேந்து ஓடப் பழக்கிற முறை. ஐரோப்பாவில பெரிய பெரிய எயார்லைன் எல்லாம் கன வருசமா 200 சொச்சம் மணித்தியாலப் பிள்ளையளைத்தான் எடுத்து வலது பக்கம் இருத்திப் பழக்கினம், அவையின்ர பாதுகாப்பு அமெரிக்காவை விடக் குறைஞ்சது எண்டு சொல்ல ஏலாது. 1500 ஐ ஆதரிக்கிறவை, 2009 க்குப் பிறகு 2025 ஜனவரி வொஷிங்டன் விபத்து வரைக்கும் அமெரிக்க எயார்லைன் பெரிய விபத்தில்லாமல் இருந்ததே எண்டு கேப்பினம். நியாயமான கேள்வி. ஆனா அதே காலத்தில நித்திரை, ஓய்வுக்கு புது விதி வந்தது, ஸ்டோலை முழுசா செய்து பழக்கவேணும் எண்டு வந்தது, பைலட்டின்ர பழைய பெயில் எல்லாத்தையும் கம்பனி பாக்கவேணும் எண்டு வந்தது. எல்லாம் ஒண்டா வந்த பிறகு 1500 தான் காப்பாத்தினது எண்டு எப்பிடிப் பிரிச்சு எடுக்கிறது? எனக்குக் கேட்டா மற்ற மூண்டும்தான் பஃபலோவில நடந்ததுக்கு நேரா மருந்து.

காசு குடுத்து 1500 சேக்கிறது எப்பிடி இருக்கும் எண்டும் யோசியுங்கோ. ஒரு சின்ன செஸ்னாவை வாடகைக்கு எடுத்து, நல்ல வெயில் நாளாப் பாத்து, தெரிஞ்ச வட்டத்தை திரும்பத் திரும்பச் சுத்திறது. ஆரும் பக்கத்தில இருந்து பிழை திருத்தமாட்டினம், தன்ர கெட்ட பழக்கத்தை தானே ஆயிரம் மணித்தியாலம் உறுதியாக்கிறது. படிப்பிக்கிற இன்ஸ்ட்ரக்டரா இருந்து சேக்கிறது வேற, அது நல்லது, மற்றவன்ர பிழையை நொடியில பிடிக்கப் பழகுவான், காசும் கொஞ்சம் வரும், தம்பிக்கு அப்பிடி வழி கிடைச்சா எடுக்கட்டும். இன்னொரு வழியும் இருக்கு, எங்கட தொழிலில பார்க்கர் பேனை மணித்தியாலம் எண்டுவினம், பறக்காமல் பேனையால எழுதுறது. நம்பர் ஒண்டை மட்டும் கேட்டா சனம் நம்பரைத்தான் கொண்டு வரும். ஆராவது தம்பிக்கு அப்பிடி எழுதித் தாறன் எண்டா அந்த இடத்தில இருந்து எழும்பி வந்திடச் சொல்லுங்கோ, பிடிபட்டா லைசன்ஸ் போகும், பிடிபடாட்டி அதை விட மோசம்.

அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கோ. இடது சீற்றில இருக்கிறவர் 1500 தாண்டி, செக் கப்டன்மார் பாத்து கப்டனாக்கின ஆள். வலது பக்கம் புதுசா ஒரு பிள்ளை இருந்தாலும் அவன் லைசன்ஸ் எடுத்த கையோட வந்து குந்தேல்லை, அந்த இன பிளேனுக்கு எண்டு தனியா படிச்சு, சிமுலேற்றரில எஞ்சின் போறது நெருப்பு பிடிக்கிறது எல்லாம் செய்து பாஸ் பண்ணி, பிறகு பழக்கிற கப்டனோட மட்டும் கன நாள் பறந்து, கடைசி செக் முடிச்சுத்தான் மற்றக் கப்டன்மாரோட விடுவினம். ரெண்டு பேருக்கும் வருசத்துக்கு ரெண்டு தரம் செக். நான் என்ர அம்மாவை அந்த பிளைட்டில ஏத்துவன். ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள சென்னை, ஏ.ரி.ஆரில ஏறுறது பின் கதவால, அதால பின் வரிசை சீற்றைக் கேட்டு எடுங்கோ, கண் தெரியாத மனுசிக்கு நடை குறையும்.

தம்பிக்கு நான் சொல்லுறது, ஒரு சதமும் கட்ட முதல் கிளாஸ் வன் மெடிக்கல் செய்யட்டும். கண், காது, ஈ.சி.ஜி எல்லாம் பாப்பினம், நிறக்குருடு மாதிரி ஒண்டு இருந்தா அண்டைக்கே தெரிஞ்சிடும், கோர்ஸ் பாதியில போய் நிண்டு அழத் தேவையில்லை. இதைச் செய்யாமல் நகையை வைச்ச குடும்பங்களை எனக்குத் தெரியும், இண்டைக்கும் அந்த வட்டி ஓடிக்கொண்டிருக்கு. பிறகு அந்த ஸ்கூலுக்கு நேரா போங்கோ, ரத்மலானை எண்டா விடியவே போய் ஹங்கருக்குள்ள எட்டிப் பாருங்கோ, பேப்பரில பத்து பிளேன் இருக்கும், அண்டைக்குப் பறக்கிறது எத்தினை எண்டதுதான் கணக்கு. பிளேன் குறைவா இருந்தா 200 மணித்தியாலம் முடிய வருசக்கணக்கில இழுபடும், இடையில மாசக்கணக்கா பறக்காமல் கிடந்தா முதல் பழகினதும் கையை விட்டுப் போயிடும், திரும்பப் பழக அதுக்கும் காசு. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின்ர அனுமதி இப்பவும் செல்லுபடியா எண்டு கேளுங்கோ. அங்க படிக்கிற ரெண்டு பிள்ளையளை ஸ்கூல் ஆக்கள் இல்லாத இடத்தில, தேத்தண்ணிக் கடையில வைச்சுக் கதையுங்கோ. முழுக் காசையும் முதலே கட்டச் சொன்னா கட்டாதேங்கோ, கட்டம் கட்டமா கட்டுறன் எண்டு நில்லுங்கோ.

மணித்தியாலம் கூட்டிற காசை வேற இடத்தில போடலாம். பிளேன் தலைகீழாப் போற நிலையில இருந்து மீட்கிற பயிற்சி, யூ.பி.ஆர்.ரி எண்டுவினம், அதையும் ரெண்டு பேரா சேந்து வேலை செய்யிற மல்டி க்ரூ கோர்ஸையும் நல்ல இடத்தில செய்யிறதுக்கு வைச்சிருங்கோ. இங்கிலிஷ் இப்பவே தொடங்கட்டும், ஐகாஓ லெவல் 4 இல்லாமல் வெளிநாட்டுக்குப் பறக்க விடமாட்டினம், நாங்கள் தமிழ் மீடியத்தில படிச்சு வந்த ஆக்கள் அதில தடக்குப்படுறது கூட, எனக்கும் அதுதான் பெரிய மலையா இருந்தது. அதோட ஒரு சின்னக் கொப்பி வாங்கிக் குடுங்கோ, லொக்புக் இல்லை, வேற கொப்பி. ஒவ்வொரு நாளும் பறந்திட்டு வந்து எத்தினை மணித்தியாலம் எண்டு இல்லாமல் என்ன பிழை விட்டன், இன்ஸ்ட்ரக்டர் எந்த இடத்தில கை வைச்சுத் திருத்தினவர் எண்டு எழுதட்டும். என்ர கொப்பி இன்னும் கிடக்கு, அந்தக் கறுப்பு ஒழுங்கையும் அதில கீறிக் கிடக்கு.

மெடிக்கல் ரிப்போட் வந்தவுடன எழுதுங்கோ, அந்த ஸ்கூல் தந்த பீஸ் பேப்பரையும் போட்டோ எடுத்து அனுப்புங்கோ, வரி வரியா பாத்துச் சொல்லுறன். காணி உறுதி அதுவரைக்கும் பெட்டிக்குள்ளயே கிடக்கட்டும்.